குடிசை மின்னிணைப்பும் விளக்குப் பழுதும்

குடிசை மின்னிணைப்பு என்பது ஏழைக் குடும்பங்களின் வீட்டில் ஒரே ஒரு விளக்கு எரிவதற்காக வழங்கப்பட்ட மின்னிணைப்பு ஆகும். ஜவ்வாது மலை போன்ற மலைப்பகுதிகளில் பல வீடுகளின் வயரிங் இப்படி ஒற்றை விளக்கில் தொடங்கியதே.

வரலாறு

தமிழ்நாடு மின்சார வாரியம் 1957 சூலை 1 அன்று அமைக்கப்பட்டது. நடுவண் அரசு 1988-89இல் குடீர் ஜோதி திட்டத்தின்கீழ் ஊரக ஏழை வீடுகளுக்கு ஒற்றை விளக்கு இணைப்பு அளித்தது. தமிழக அரசின் இலவசத் தொலைக்காட்சி 2006இலும், மின்விசிறி, மிக்சி, கிரைண்டர் 2011இலும் வந்தன. விளக்குக்குப் போட்ட மெல்லிய வயரிலிருந்தே இவற்றுக்குக் கிளை எடுத்தால், இணைப்பு சூடேறிக் காப்புறை உருகும், விளக்கு மினுக்கும்.

சுவிட்சு வைக்கும் இடம்

நியூட்ரல் கம்பியில் மட்டும் தனிச் சுவிட்சோ ஃபியூசோ வைப்பதை 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் தடை செய்தன. அவ்வாறு வைத்தால் சுவிட்சை அணைத்த பின்னும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். எனவே விளக்கு அணைந்திருப்பது பாதுகாப்புக்குச் சான்றன்று.

பழுது பார்த்தல்

முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் டெஸ்டர் எரிகிறதா எனப் பார்க்க வேண்டும். பிறகு மெயின் சுவிட்சை அணைத்து, ஹோல்டரின் இரு முனைகளையும் அதே டெஸ்டரால் சோதிக்க வேண்டும். அதன்பின் பல்பு, ஹோல்டர் பின்கள், தளர்ந்த திருகுகள் என்ற வரிசையில் பார்க்கலாம். மெயினுக்கு முந்தைய கம்பியில் எப்போதும் மின்சாரம் உண்டு. அதை மின்வாரியப் பணியாளரே தொட வேண்டும்.