நேயர் என்றொரு சொல்

பத்திரிகை படிப்பவரை வாசகர் என்கிறோம். திரைப்படம் பார்ப்பவரை இரசிகர் என்கிறோம். வானொலி கேட்பவருக்கு நேயர் என்று பெயர் வைத்தது தமிழ். நேயம் என்றால் அன்பு. இது வெறும் உபசாரச் சொல் அன்று என்பதற்கு இலங்கைத் தமிழ் நேயர்களின் வரலாறே சான்று.

கொழும்பில் 1925 டிசம்பர் 16ஆம் திகதி வானொலி ஒலிபரப்பு முறைப்படி ஆரம்பமானது. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியாவில் நிலைகொண்டிருந்த நேசநாட்டுப் படையினருக்கென நிறுவப்பட்ட வானொலியின் வலுமிக்க சாதனங்கள், போருக்குப் பின் இலங்கையின் வசமாயின. 1950இல் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கியது. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர் திரைப்பாடல்களை விரும்பாதவர். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் அப்பாடல்கள் அருகிப்போகவே, இந்திய நேயர்கள் கொழும்பின் பக்கம் திரும்பினர். 1957இல் விவித் பாரதி தொடங்கப்பட்டது அவர்களை மீட்டெடுக்கவே.

எனினும், பாடல் மட்டுமே நேயரைக் கட்டிப்போடவில்லை. எஸ்.பி.மயில்வாகனன், பின்னர் கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத், இராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் குரல்கள் கடல் கடந்தும் குடும்பக் குரல்களாயின. ஒரு தபாலட்டை எழுதிப்போட்டால் தன் பெயரும் ஊர்ப்பெயரும் காற்றில் வரும். நேயர் விருப்பமும் பிறந்தநாள் வாழ்த்தும், பெயர் அச்சேறியிராத எளிய மனிதருக்குக் கிடைத்த கௌரவங்கள்.

ஆனால், நேயம் வேறு, நம்பிக்கை வேறு. இனப்பிரச்சினை முற்றியபோது, பாட்டுக்குக் கொழும்பைத் திருப்பியவர்கள் செய்திக்கு இலண்டன் பிபிசியின் தமிழோசையையும் மணிலாவின் வெரித்தாஸையும் தேடினர். அரச வானொலியின் அறிவிப்பாளரை நேசித்த அதே நேயர், அரச செய்தியை ஐயத்துடனேயே செவிமடுத்தார்.

இந்த வேறுபாடு மிகத் துலக்கமாகத் தெரிந்தது 1990களின் யாழ் குடாநாட்டில். மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் பற்றரியும் இல்லை. மக்கள் துவிச்சக்கர வண்டியை நிறுத்தி, மிதியைச் சுழற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தால் வானொலியை இயக்கினர். ஒருவர் மிதிக்க, சுற்றியிருந்தோர் கேட்டனர். கை ஓய்ந்தால் குரலும் ஓய்ந்துவிடும். அயலூரில் நேற்று நடந்ததை இலண்டன் சொல்லித்தான் அறியவேண்டியிருந்த காலம் அது.

1941இல் ஆரம்பித்த தமிழோசை வானொலி 2017 ஏப்ரல் 30ஆம் திகதியுடன் விடைபெற்றது. அன்று உலகெங்கும் வாழும் ஈழத்தமிழர் பலர் நினைவுகூர்ந்தது அந்த மிதிவண்டியைத்தான். பாடலுக்காக வந்த நேயர் வேறொரு பாடல் கிடைத்தால் போய்விடலாம். உண்மைக்காக வியர்வை சிந்தியவர் அப்படிப் போவதில்லை. நேயர் என்ற சொல்லை வானொலிக்காரர்கள் வாய் நிறையச் சொன்னார்கள். அதற்குப் பொருள் தந்தவர்கள், இருட்டில் மிதியைச் சுழற்றிய அந்த மனிதர்கள்.