பன்னீர் திராட்சைக்கு ஒரு வெள்ளைப் பாட்டி!

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிஃப்ட் முடிஞ்சு போறப்ப தள்ளுவண்டியில கருப்பு திராட்சையைப் பார்த்திருப்பீங்க. வாயில போட்டதும் ரோஜா வாசனை அடிச்சா, அது பன்னீர் திராட்சை. பெரும்பாலும் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் விளைவது. 2023-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832-ல் ஒரு பிரெஞ்சு பாதிரியார் இதைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிறது.

இதன் உலகப் பெயர், மஸ்கட் ஹாம்பர்க். அம்மா, அப்பா வரிசையில் ஒன்று 'மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா' என்ற வெள்ளைத் திராட்சை. அதற்கும் மூத்தது, சின்னச் சின்னப் பழங்களைக் கொண்ட வெள்ளை மஸ்கட். அதாவது, நம்ம பன்னீர் திராட்சையின் பாட்டி!

வாசனை எங்கிருந்து வருது?

லினலூல், ஜெரானியால் போன்ற வேதிப்பொருள்கள்தான் காரணம். ஜெரானியால் ரோஜாவிலும் இருக்கு; லினலூல் மல்லி விதையிலும் இருக்கு. 'பன்னீர்'னு பேர் வெச்சவங்க மூக்கு தப்பு பண்ணலை! இந்த வாசனை தோலிலும் தோலை ஒட்டிய சதையிலும்தான் அதிகம்.

பாட்டியின் ஒயின்

பெரும்பாலான ஒயின்களில் திராட்சை வாசனையே தெரியாது. மஸ்கட் ஒயினில் பழத்தின் வாசனை அப்படியே நிற்கும். இத்தாலியின் பீட்மான்ட் பகுதியில் 'மொஸ்காட்டோ டி ஆஸ்தி' பிரபலம். நொதித்தலைக் குளிரூட்டிப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். அதனால் சர்க்கரை மிஞ்சும்; ஆல்கஹால் சுமார் 5 சதவிகிதம்தான். வழக்கமான ஒயினில் 12, 13 சதவிகிதம் இருக்கும். ஆனா, வாசனை இனிப்பா இருந்தா ருசியும் இனிப்பா இருக்கணும்னு இல்லை. பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் இனிப்பே இல்லாத மஸ்கட் ஒயினும் உண்டு.

ஒரு விஷயம்: இனிப்பா, லேசா இருக்குங்கிறதால இது ஜூஸ் ஆகிடாது. மது உடல்நலத்துக்குக் கேடுதான். குடிச்சுட்டு வண்டி எடுக்கவே கூடாது.

விதையில என்ன இருக்கு?

மகாராஷ்டிராவில் பொதுவாக ஆண்டுக்கு ஒரு அறுவடைதான். கம்பத்திலோ வருஷம் முழுக்கக் காய்க்கும். ஆனா, பன்னீருக்கு ரெண்டு சிக்கல்: விதை இருக்கு, சீக்கிரம் கெட்டுப்போகும். விதையில்லாப் பழத்துக்குப் பழகிய நாம இதை ஒதுக்கினா, விவசாயிக்குக் கொடியைப் பிடுங்குறதைத் தவிர வழி குறைவு.

அதனால, அடுத்த தடவை கால் கிலோ வாங்குங்க. காம்பு பச்சையா, பழம் கெட்டியா இருக்கான்னு பாருங்க. நல்லா அலசி, தோலோட மெல்லுங்க. இத்தாலியில பாட்டில்ல அடைச்சு விக்கிற வாசனை, இங்கே காகிதப் பொட்டலத்திலேயே கிடைக்குது.