ஆறு இசைத்தட்டுகளில் ஒரு தொகை

சங்கத் தொகை நூல்களைப் பற்றிப் பேசும்போது தொகுத்தவர் இன்னார், தொகுப்பித்தவர் இன்னார் என்று சொல்வது நமது மரபு. 1952ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஓர் இசைத்தட்டுத் தொகுதிக்கும் அப்படிச் சொல்லலாம். தொகுத்தவர் ஹரி ஸ்மித். தொகுப்பித்தவர் 'ஃபோக்வேய்ஸ்' என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய மோசஸ் ஆஷ். 'அமெரிக்க நாட்டார் இசைத் தொகுப்பு' என்று அதன் பெயரைத் தமிழில் தரலாம். பொப் டிலன் முதலானோரின் பாட்டு எந்த மண்ணிலிருந்து முளைத்தது என்று கேட்கும் நேயர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தத் தொகுப்பைத்தான்.

ஸ்மித் 1923இல் பிறந்தவர். ஓவியர், பரிசோதனைத் திரைப்படங்களும் எடுத்தவர். கையில் காசு தங்காத மனிதர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் பழைய தட்டுகளை அவற்றிலுள்ள அரக்குக்காகச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்களில்தான் இவர் அவற்றைப் பாட்டுக்காக வாங்கிக் குவித்தார். பின்னர் நியூ யோர்க் வந்து, பணமுடையால் அவற்றை ஆஷிடம் விற்க முயன்றார். ஆஷோ அவற்றிலிருந்து தெரிவு செய்து ஒரு தொகுதி ஆக்கும்படி சொன்னார். நீண்டநேர இசைத்தட்டு 1948இல் வந்துவிட்டிருந்தது. பக்கத்துக்குச் சராசரியாக ஏழு பாட்டு என, ஆறு தட்டுகளில் 84 பாடல்கள் அடங்கின.

பெரும்பாலானவை 1927க்கும் 1932க்கும் இடையில் பதிவானவை. அப்போது இசைத்தட்டுக் கம்பனிகள் கறுப்பரின் பாட்டுக்கு ஒரு பட்டியலும், மலைநாட்டு வெள்ளையரின் பாட்டுக்கு வேறொரு பட்டியலும் வைத்து விற்றன. ஒரே ஊர்க்காரர், ஒரே கதைப்பாடலைப் பாடினாலும் பட்டியல் வேறுதான். பொருளாதார மந்தம் வந்து விற்பனை விழுந்ததும் இரு பட்டியலிலும் பெரும்பாலானவை மறைந்தன.

ஸ்மித் இந்த வேலியைப் பிடுங்கி எறிந்தார். கதைப்பாடல், சமூக இசை, பாட்டு என மூன்றாகப் பிரித்தார். பாடியவர் எந்த நிறத்தவர் என்று மட்டும் எங்கும் எழுதவில்லை. கூடவே வந்த கைநூலில் ஒவ்வொரு கதைப்பாடலின் கதையையும் பத்திரிகைத் தலைப்புப் போலச் சுருக்கித் தந்தார். அந்தக் குறும்பு எனக்கு மிகவும் பிடிக்கும். மிசிசிப்பி ஜோன் ஹேர்ட் என்ற கறுப்பினப் பாடகரை வெள்ளையர் என்றே பலர் நெடுநாள் எண்ணியிருந்தார்கள் என்றால் ஸ்மித்தின் எண்ணம் பலித்தது என்றுதானே பொருள்?

ஒன்றை மறைப்பதற்கில்லை. ஆஷ் உரிய அனுமதி பெறாமலே இவற்றை வெளியிட்டார். பதிவுகள் பெரிய கம்பனிகளுக்குச் சொந்தமானவை. ஆனால் இருபது வருடமாக அவற்றைக் கிடங்கில் மறந்திருந்தவர்களுக்காக என்னால் அதிகம் பரிந்து பேச முடியவில்லை. பாடியவர்களுக்காக வருந்துகிறேன், அவர்களுள் பலர் உயிரோடுதான் இருந்தார்கள்.

ஹேர்ட் 1928இல் பதிவு செய்தபின் மிசிசிப்பி மாநிலத்தின் அவலோன் என்ற சிற்றூரில் வயல்வேலை செய்து வாழ்ந்தார். அவர் பாடிய இன்னொரு பாட்டில் அந்த ஊரின் பெயர் வருகிறது. அதைக் கேட்ட ரொம் ஹொஸ்கின்ஸ் என்ற இளைஞர் பழைய தேசப்படத்தில் ஊரைத் தேடி 1963இல் அங்கே போய்ச் சேர்ந்தார். எழுபதை எட்டிய மனிதர் கிற்றாரை வாங்கி வாசித்தார். அவ்வருடமே நியூபோர்ட் விழா மேடையில் பாடினார். 1966இல் காலமானார். சுரங்கத் தொழிலாளியாக இருந்த பாஞ்சோக் கலைஞர் டொக் பொக்ஸும் அதே 1963இல் கண்டுபிடிக்கப்பட்டார். டிலனின் 1962ஆம் ஆண்டு முதல் இசைத்தட்டு, இந்தத் தொகுப்பிலுள்ள பிளைன்ட் லெமன் ஜெபர்சனின் பாட்டோடு முடிகிறது.

1991இல் ஸ்மித்துக்கு கிராமி விருது கிடைத்தது; அவ்வருடமே மறைந்தார். 1997இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் பழைய கைநூலோடு தொகுப்பை மறுபடி வெளியிட்டது. 2020இல் வேறொரு நிறுவனம் அதே பழைய தட்டுகளின் மறுபக்கங்களைத் திரட்டித் தந்தது. இனவெறிச் சொற்கள் கொண்ட மூன்று பாட்டுகளை அவர்கள் விலக்கினார்கள். வேலியைப் பிடுங்கிய தொகுப்பின் துணைக்கு அது பொருத்தம் என்றே எனக்குப் பட்டது. மறுபக்கங்களைக் கேட்டுப் பார்த்தேன். பெரும்பாலும் ஸ்மித் தெரிந்த பக்கமே சிறந்தது. ஆனால் சிலவற்றில், தட்டைத் திரும்பவும் புரட்டிப்போட மனம் வரவில்லை.