பிள்ளைகளுக்கு ஏற்ற மழையுடை



கொல்லிமலையில் தென்மேற்குப் பருவமும் மழை தரும், வடகிழக்குப் பருவமும் மழை தரும். மழைக்காக நாம் காட்டு வேலையை நிறுத்துகிறோமா? இல்லை. அதே மாதிரிதான் நம் பிள்ளைகளும் விளையாட்டை நிறுத்துவதில்லை. அவர்கள் மேல் எதைப் போட்டு அனுப்புகிறோம்? கையில் கிடைத்ததைத்தான். அது சரிதானா என்று தெரிந்துகொள்ள, மழைக்கு மனிதன் எதை எதைப் போர்த்தினான் என்ற வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

நம் பக்கத்தில் பழைய போர்வை கம்பளிதான். குறும்பர் மக்கள் செம்மறியாட்டு மயிரைத் திரித்து நெய்த கம்பளி அது. நனைந்தாலும் உடம்புச் சூட்டைக் காக்கும். ஆனால் தண்ணீர் குடித்துவிட்டால் பெருஞ்சுமை. ஆட்டுக்குக் காவலாக ஒரே இடத்தில் நிற்பவருக்கு அது பொருந்தும். ஓடுகிற பிள்ளைக்குப் பொருந்துமா? கேரளத்தில் பனையோலையால் முடைந்த தொப்பிக்குடையை வயல் வேலைக்காரர்கள் தலையில் கவிழ்த்துக்கொண்டார்கள். குனிந்து நாற்று நடுபவருக்கு இரண்டு கையும் வேலைக்குக் கிடைத்தது.

அடுத்து வந்தது நமக்கெல்லாம் பழக்கமான கொங்காடை. கோணிச்சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் தள்ளினால் போதும், தலைக்கு முக்காடும் முதுகுக்கு மறைப்பும் ஆயிற்று. இது ஆதிகாலத்திலிருந்தே இப்படி மலிவாகக் கிடைத்தது என்று நினைக்க வேண்டாம். 1855-ல் வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில், ரிஷ்ராவில், இந்தியாவின் முதல் சணல் ஆலை ஏற்பட்டது. ஆலைகள் பெருகிய பிறகுதான் சணல் சாக்கு மலிந்தது. தானியம் வந்த சாக்கு காலியானதும் மழைக்கு உடையாக மாறியது. களை எடுக்கும்போது மழை விழுவது முதுகில்தானே? அதனால் பெரியவர்களுக்கு அது போதும். பிள்ளைக்கோ முன்பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கும். ஓடினால் பறந்துவிடும். பிடித்துக்கொண்டே ஓடினால் விழும்போது ஊன்றக் கை இருக்காது.

மேல்நாட்டுக் கதை வேறு. தென் அமெரிக்கப் பழங்குடி மக்கள் ரப்பர்ப் பாலைத் துணியில் பூசி மழைக்குப் பயன்படுத்தினார்கள். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் மெக்கின்டாஷ் 1823-ல், ரப்பரைக் கரைத்து இரண்டு துணிகளுக்கு நடுவே பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வெயிலில் அது பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. அமெரிக்கர் சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கும் முறைக்கு 1844-ல் காப்புரிமை பெற்றார். அந்த முறையால் இந்தக் குறை தீர்ந்தது. நம் நாட்டில் சுரேந்திர மோகன் போஸ் 1920-ல் கல்கத்தாவில் மழைக்கோட்டுத் தொழிலைத் தொடங்கினார். 'டக்பேக்' கோட்டு அங்கே பிறந்ததுதான். இதிலும் ஒரு சங்கடம் உண்டு. வெளித்தண்ணீர் உள்ளே வராது என்றால், உள்ளே இருக்கும் வேர்வையும் வெளியே போகாது. நடப்பவருக்குப் பரவாயில்லை. ஓடியாடும் பிள்ளை உள்ளுக்குள்ளேயே நனைந்துவிடும்.

1933-ல் இங்கிலாந்தில் பாலித்தீன் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு உரமும் பிளாஸ்டிக் சாக்கில் வந்தது. கோணிச்சாக்கு இருந்த இடத்தில் அது கொங்காடை ஆயிற்று.

இந்த வரிசையைப் பார்த்தால் உங்களுக்கே ஒன்று விளங்கும். கம்பளியும் தொப்பிக்குடையும் கொங்காடையும் வேலை செய்யும் பெரியவருக்கு ஏற்றவை. பிள்ளைக்கு வந்து சேர்ந்தது பெரியவர் போர்த்தியதில் மிச்சம்தான். விளையாடும் பிள்ளையின் தேவை வேறு. அதற்கு ஓட வேண்டும், குனிய வேண்டும், நாலா பக்கமும் பார்க்க வேண்டும், சத்தம் காதில் விழ வேண்டும்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலாவது, பூச்சிமருந்து வந்த பையையோ உரச்சாக்கையோ பிள்ளை மேல் போடவே கூடாது. கழுவினாலும் மருந்து போய்விட்டது என்று நம்ப முடியாது. மழைத்தண்ணீர் பட்டால் ஒட்டியிருப்பது கரைந்து தோலிலும் கண்ணிலும் இறங்கும்.

இரண்டாவது, நீளம் முழங்காலைத் தாண்டக் கூடாது. "அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டுமே" என்று பெரிதாக வாங்கினால் கால் தடுக்கும். பாசி பிடித்த பாறையில் அது ஆபத்து.

மூன்றாவது, கழுத்தில் இழுத்துக் கட்டும் கயிறு வேண்டாம். சறுக்குமரத்தில் கயிறு மாட்டிக் குழந்தைகள் இறந்ததால், அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996-ல் இப்படிப்பட்ட கயிறு கூடாது என்று வழிகாட்டுதல் தந்தது. நம் பிள்ளைகள் ஏறும் மரக்கிளையும் முள்வேலியும் அதே வேலையைத்தான் செய்யும். பிரஸ் பட்டன் வைத்தது வாங்குங்கள். எங்காவது மாட்டினால் தானே விட்டுவிடும்.

நான்காவது, முக்காடு கண்ணையும் காதையும் மூடக் கூடாது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் வண்டிகள் மலைக்குள்ளும் வளைந்து வளைந்துதான் ஓடுகின்றன. பனிமூட்டத்தில் ஓட்டுநருக்குப் பிள்ளை தெரிய மஞ்சள், ஆரஞ்சு போன்ற பளிச்சென்ற நிறம் நல்லது. கறுப்பும் கரும்பச்சையும் வேண்டாம்.

ஐந்தாவது, தொளதொளப்பாக, அக்குளில் காற்றுத் துளை உள்ளதாக இருக்கட்டும். வாங்கும்போதே பிள்ளைக்குப் போட்டு, கையைத் தூக்கச் சொல்லுங்கள், குனியச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் திரும்பச் சொல்லுங்கள், பத்தடி ஓடச் சொல்லுங்கள். இந்த நான்கிலும் தேறினால் வாங்கலாம்.

நனைந்த கோட்டை மடித்து வைக்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். நிழலில் உலர்த்துங்கள்.

இன்னும் இரண்டு சங்கதி. மழையில் நனைந்ததாலேயே காய்ச்சல் வந்துவிடாது, அது கிருமியால் வருவது. ஆனால் ஈரத்துணியோடு காற்றில் வெகுநேரம் நின்றால் உடம்புச் சூடு இறங்கி நடுக்கம் காணும். வீடு வந்ததும் தலையைத் துவட்டி வேறு துணி மாற்றுங்கள். அடுத்து, எந்த மழையுடையும் இடியைத் தடுக்காது. இடி முழக்கம் காதில் விழுந்தால் விளையாட்டை நிறுத்த வேண்டியதுதான். மரத்தடியில் ஒதுங்காமல் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

விதையைப் பார்த்துப் பொறுக்கி எடுக்கிற கை நம்முடையது. பிள்ளையின் மழையுடையையும் அதே கண்ணோடு பாருங்கள். மழையில் விளையாடட்டும், பத்திரமாக விளையாடட்டும்.