எச்சச் சிறகு: ஒரு பெயரின் வரலாறு

விடுதி அறையில் வளர்க்கும் சண்டை மீன்களுக்கு உயிருணவாகச் சிறகு சிறுத்த பழ ஈக்களைக் குப்பிகளில் பெருக்கி வருகிறேன். மசித்த வாழைப்பழம், சிறிது ஈஸ்ட், பூஞ்சையைத் தடுக்கச் சில துளி வினிகர், ஈக்கள் பற்றி ஏறக் கசக்கிய தாள், வாயை மூடத் துணி, இவ்வளவே தேவை. 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் முட்டை ஏறத்தாழப் பத்து நாள்களில் ஈயாகிவிடும். குப்பியைத் திறந்தாலும் அவை பறந்து செல்லா. நீரின்மேல் தட்டினால் மீன்கள் பிடித்துக்கொள்ளும்.

இந்த எளிய குப்பிக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 'ஈ அறை' எனப் பின்னர்ப் புகழ்பெற்ற சிறு கூடத்தில், தாமஸ் ஹண்ட் மார்கனும் அவர்தம் மாணவரும் பால் புட்டிகளில் வாழைப்பழம் இட்டே இவ்வீக்களை வளர்த்தனர். மரபியல் தன் முதற்கருவிகளைச் சமையலறையிலிருந்து பெற்றது என்று சொன்னால் மிகையாகாது. 1910இல் அங்கு வெள்ளைக்கண் ஈ தென்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் சிறகு சிறுத்த ஈயும் கிடைத்தது. முதலாவதற்கு 'வெள்ளை' என்றும், இரண்டாவதற்கு எஞ்சிய உறுப்பைச் சுட்டும் 'வெஸ்டிஜியல்', அதாவது 'எச்சம்', என்றும் பெயரிட்டனர்.

மொழியியல் பயின்ற எனக்கு வியப்பளிப்பது இப்பெயரிடல் முறையே. இம்மரபில் ஒரு மரபணு பெரும்பாலும் தான் செய்யும் பணியால் அன்றி, தான் பழுதுபட்டால் தோன்றும் குறையால் பெயர் பெறுகிறது. கண்ணின் செந்நிறத்துக்குத் தேவையான மரபணுவின் பெயர் 'வெள்ளை'. சிறகு உருவாகத் தேவையான மரபணுவின் பெயர் 'எச்சம்'. இம்மரபணுவைக் கண், கால் முதலிய உறுப்புகளுக்குரிய திசுவில் செயற்படச் செய்தால் அங்கும் சிறகுத் திசு தோன்றும் என்பதை 1996இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆயினும் பெயர் மாறவில்லை. அப்பெயர் மரபணுவின் இயல்பைக் கூறவில்லை. நாம் அதை அறிந்த வழியையே பதிவு செய்கிறது.

மீன் வளர்ப்போர் கைக்கு வந்ததும் இக்குறையே தகுதியாகிவிடுகிறது. சென்ற கோடையில் என் குப்பியொன்றில் சில ஈக்கள் நீண்ட சிறகோடு தோன்றின. 'வளர்ப்பு கெட்டுவிட்டது' எனக் குறிப்பேட்டில் எழுதினேன். காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். எச்சச் சிறகு ஒடுங்கு பண்பு. ஆதலின் வெளி ஈ நுழைந்து கலந்திருந்தால் அக்கலப்பில் பிறந்தவை யாவும் முழுச்சிறகு பெறும். அல்லது வெப்பம் காரணமாகலாம். 30 பாகையை நெருங்கும் சூட்டில் வளரும் புழுக்களுக்கு அத்திரிபு இருந்தும் சிறகு ஓரளவு நீளும். நீள்சிறகு ஈக்களை மட்டும் பிரித்துக் குளிர்ந்த அறையில் இனம்பெருக்கினேன். கலப்பாக இருந்திருப்பின் அடுத்த தலைமுறையில் ஏறத்தாழ முக்காற்பங்கு சிறகோடு வந்திருக்கும். வந்தவை அனைத்தும் சிறகு சிறுத்தவையே. ஆகவே வெப்பமே காரணம்.

குறிப்பேட்டை மீண்டும் புரட்டியபோது 'கெட்டுவிட்டது' என்ற சொல் உறுத்தியது. ஈக்கு இயல்பான சிறகைத்தான் நான் கேடு என எழுதியிருந்தேன். மார்கனின் அறையில் குறையாக இருந்தது சிறுத்த சிறகு. என் அறையில் குறையானது நீண்ட சிறகு. வட்டார வழக்குகளைக் 'கொச்சை' என்றும் 'வழு' என்றும் பட்டியலிட்ட நம் துறையிலும் இதே கேள்வியை எழுப்பலாம்: அப்பெயர்கள் மொழியைப் பற்றியனவா, பட்டியலிட்டவரின் தேவையைப் பற்றியனவா?