பெட்டுக்குக் காசு உண்டு, மாத்திரைக்குக் கிடையாது

மாற்றலாகி கான்பூர் வந்து மூன்று வருஷம் ஆகிறது. "தோல் ஃபேக்டரி ஊராமே?" என்றுதான் நம்மூரில் கேட்பார்கள். என்னைப் போன்ற பி.காம். ஆசாமிக்கு இந்த ஊரில் வேறொரு சரித்திரம் இருக்கிறது. 1952 பிப்ரவரி 24 அன்று நேரு இ.எஸ்.ஐ. திட்டத்தைத் தொடங்கி வைத்தது இங்கேதான். அதே நாளில் தில்லியிலும் ஆரம்பம். இரண்டு ஊரிலும் சேர்த்து முதலில் சுமார் 1,20,000 தொழிலாளர்கள்.

பேராசிரியர் அதார்கர் 1944-ல் கொடுத்த அறிக்கை, அப்புறம் 1948 சட்டம் என்று அதற்கு ஒரு முன்கதை உண்டு. அதை விடுங்கள். முக்கியமான விஷயம், அந்தத் திட்டத்தில் டிஸ்பென்சரி இருந்தது. காய்ச்சலா, டாக்டர் சீட்டு எழுதுவார், அங்கேயே மருந்து வாங்கிக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் மருந்து என்று யாரும் சொல்லவில்லை. (க்யூ நீளம், பல நாள் "ஸ்டாக் இல்லை". அந்தப் புகாரெல்லாம் நியாயம்தான்.)

பிறகு 1986-ல் மெடிக்ளெய்ம் வந்தது. அரசின் நான்கு பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் விற்றன. மாதச் சம்பளக்காரர்களான நாம் 80டி வரிச்சலுகையையும் பார்த்து வாங்கினோம். பாலிசியைக் கடைசிப் பக்கம் வரை படித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள் :-)

விதி இதுதான். குறைந்தது 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். படுத்ததற்கு முந்தைய 30 நாள், வெளியே வந்த பிறகு 60 நாள், அந்தச் செலவும் கிடைக்கும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் சில மாத்திரைகளை ஆயுசுக்கும் விழுங்க வேண்டும். 61-வது நாள் மாத்திரை அவர் பாடு. வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை தருவதற்கும் ஒரு ஷரத்து இருந்தது, ஆனால் அதில் சேராத நோய்கள் என்று ஒரு பட்டியல்: ஆஸ்துமா, சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, மூட்டுவாதம்... தினசரி மாத்திரை தேவைப்படும் வியாதிகளாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்த மாதிரி இருக்கும்.

கம்பெனிக்காரன் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. இன்ஷூரன்ஸ் என்பது எதிர்பாராததற்கு, மாதா மாதம் வரும் செலவுக்கு அல்ல. தவிர, அட்மிஷன் என்பது வவுச்சர் மாதிரி, ஆடிட்டில் காட்டலாம். மெடிக்கல் ஷாப் பில்லை யார் வேண்டுமானாலும் கொண்டு வருவார்கள். பேங்க்காரனான எனக்கு இது புரியாமல் இல்லை. ஆனால் சர்க்கரைக்கு மாத்திரை வாங்க முடியாமல் விட்டவர் கிட்னி கெட்டு டயாலிசிஸுக்கு வரும்போது அதே கம்பெனி அவிழ்ப்பது இன்னும் பெரிய பை. மெஷின் வாங்கக் கடன் தருவேன், ஆயில் போடக் காசு தரமாட்டேன் என்கிற மேனேஜரை எங்கள் வட்டார அலுவலகம் சும்மா விடுமா?

சுவர் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டை விழுந்ததும் வேடிக்கையான வழியில்தான். 2015-ல் எங்கள் வங்கித் துறைக்கு வந்த மருத்துவத் திட்டத்தில் சில நோய்களுக்கு வீட்டிலிருந்தே எடுக்கும் சிகிச்சைச் செலவையும் 'ஆஸ்பத்திரிச் செலவாகக் கருதப்படும்' என்று எழுதினார்கள். மாத்திரைக்குப் பணம் தர, ஆள் படுத்திருப்பதாகப் பாவனை! புற்றுநோய்க்கு ஊசி வழியாக ஏற்றும் மருந்து டே-கேரில் ஓடிக்கொண்டிருந்தபோது, அதே நோய்க்கு வாயால் விழுங்கும் கீமோ மாத்திரைக்கு "அட்மிஷன் எங்கே?" என்ற கேள்வி. 2019-ல்தான் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அதை ஒதுக்கக் கூடாத சிகிச்சைகளின் பட்டியலில் சேர்த்தது. அதற்கும் கம்பெனிகள் உச்சவரம்பு வைத்துக்கொள்ள இடம் விட்டது.

இப்போது இ.எஸ்.ஐ.க்கே திரும்ப வருகிறேன். அதற்கு ஒரு சம்பள வரம்பு உண்டு. ஆரம்பத்தில் மாதம் 400 ரூபாய். 2017 ஜனவரியில் 21,000 ஆக்கினார்கள். தாண்டினால், கட்டிய சந்தாவுக்கான காலம் ஓடி முடிந்ததும் நீங்கள் வெளியே.

அந்த வரம்புக்கு ஒட்டி நின்ற ஒரு தோல் ஃபேக்டரி சூப்பர்வைசர் எங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கிறார். மனைவிக்கு இன்சுலின். 1,200 ரூபாய் இன்கிரிமென்ட் வருகிறது, முதலாளியிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கவுன்ட்டருக்கு வந்து கேட்டார். சலான் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். இன்சுலின், பிரஷர் மாத்திரை, மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை, அதற்கு மேல் ஒரு ஃபேமிலி பாலிசியின் பிரீமியம். அந்த 1,200 இன்சுலினைத் தாண்டவில்லை. அவர் சலானை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.