பழைய தாளில் ஒரு குடில்

குடிலைப் பிரித்த மறுநாள் நம் ஆலயத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்திருக்கிறோமா? உடைந்த தெர்மாகோல், ஜிகினாச் சரங்கள், நிறம் மங்கிய பிளாஸ்டிக் விண்மீன்கள் எல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். யாராவது ஒருவர் தீ வைத்துவிடுவார். கரும்புகை எழும். அந்தப் புகை முதலில் நுழைவது மதில் சுவரை ஒட்டிக் குடியிருக்கும் வீடுகளுக்குள்தான். இரண்டு வாரங்களுக்கு முன்பு அதே பொருள்களைக் கொண்டுதான் நாம் அமைதியின் அரசரை வரவேற்றோம்!

2022 ஜூலை 1 முதல் இந்தியா முழுவதும் ஒருமுறை மட்டுமே பயன்படும் பிளாஸ்டிக் பொருள்கள் பல தடை செய்யப்பட்டுள்ளன. அலங்காரத்துக்கான தெர்மாகோலும் அந்தப் பட்டியலில் உண்டு. நம்மில் பலர் இதைக் கவனிக்காமலே இருக்கிறோம். அப்படியானால் குடிலை எதனால் அமைப்பது? நம் வீட்டுப் பரணிலேயே விடை இருக்கிறது: பழைய தாள்.

கையில் கிடைத்ததே போதும்

முதல் கிறிஸ்து பிறப்பின்போது தொட்டில் இல்லை. மரியா தம் மகனைத் தீவனத் தொட்டியில் கிடத்தினார் என்கிறார் லூக்கா (2:7). வேறொரு வேலைக்காக இருந்த பொருள் அன்று தொட்டிலாயிற்று. 1223ஆம் ஆண்டு அசிசியார் புனித பிரான்சிஸ், இத்தாலியின் கிரேச்சியோ சிற்றூரில் பிறப்பு நிகழ்வைக் கண்முன் காட்ட விரும்பியபோது அவர் கேட்டது வைக்கோல் இட்ட தீவனத் தொட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை மட்டுமே. சுரூபங்கள்கூட அங்கே இல்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் 1 அன்று அதே கிரேச்சியோவில்தான் குடிலைப் பற்றிய தம் திருத்தூது மடலில் கையெழுத்திட்டார்.

தாள் மலிவான பொருள், ஆலயத்துக்கு ஏற்றதல்ல என்று நினைக்க வேண்டாம். இத்தாலியின் லெச்சே நகரக் கைவினைஞர்கள் தாள்கூழும் வைக்கோலும் கம்பியும் கொண்டு புனிதர்களின் சுரூபங்களைச் செய்து வந்திருக்கிறார்கள். எடை குறைவு என்பதால் பவனியில் சுமந்து செல்ல அவை வசதியானவை. காஷ்மீரின் ஸ்ரீநகரில் முஸ்லிம் கைவினைஞர்கள் தாள்கூழில் செய்து வண்ணம் தீட்டும் உருண்டைகள் பல நாடுகளில் கிறிஸ்மஸ் மரத்தில் தொங்குகின்றன. புதுச்சேரி அருகே உள்ள திருக்கனூரின் காகிதக்கூழ்க் கைவினைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நம் பாட்டிமாரும் பழைய காகிதத்தையும் வெந்தயத்தையும் ஊறவைத்து அரைத்து முறத்துக்கும் கூடைக்கும் பூசியவர்கள்தாம்.

எந்தத் தாள் ஏற்றது?

செய்தித்தாள், எழுதி முடித்த நோட்டுப் புத்தகம், நாள்காட்டித் தாள், பார்சல் சுற்றி வரும் பழுப்புத் தாள், அட்டைப் பெட்டி ஆகியவை ஏற்றவை. திருமண அழைப்பிதழ்களில் கவனம் தேவை. பலவற்றின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தோல் ஒட்டியிருக்கும். ஓர் ஓரத்தைக் கிழித்துப் பார்த்தால் அந்தத் தோல் இழுபடும். பரிசு சுற்றும் பளபளப்புத் தாளைக் கையில் கசக்கிப் பார்க்கலாம். கசக்கியபடியே இருந்தால் பெரும்பாலும் வெறும் தாள். மீண்டும் விரிந்துகொண்டால் அதில் பிளாஸ்டிக் இருக்கிறது. கடை பில், ஏ.டி.எம். சீட்டு போன்றவற்றில் வேதிப்பூச்சு இருப்பதால் சிறுவர்கள் கையில் கொடுக்க வேண்டாம். மினுக்குத் தூளையும் தவிர்ப்போம். அதில் பெரும்பகுதி நுண்ணிய பிளாஸ்டிக்கே. ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலிருந்து அத்தகைய தூளின் விற்பனைக்குத் தடை விதித்திருக்கிறது.

பசையும் கூழும்

ஒரு கிண்ணம் மைதாவை முதலில் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஐந்து கிண்ணம் நீர் ஆகும்வரை சேர்த்து, சிறு தீயில் கண்ணாடி போலாகும்வரை கிளறினால் பசை தயார். பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் சேர்க்கும் வழக்கம் உண்டு. அது நஞ்சு. மறைக்கல்விச் சிறுவர்கள் தொடும் பசையில் சேர்க்கவே கூடாது. அன்றன்று வேண்டியதை அன்றன்று காய்ச்சுவதே நல்லது.

கூழுக்குச் செய்தித்தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து ஓர் இரவு ஊறவைத்து, அரைத்துப் பிழிந்து, பசையோடு சப்பாத்தி மாவுப் பதத்தில் பிசைய வேண்டும். நம் ஊரில் இந்த வேலைக்கு ஓர் இடையூறு உண்டு. திருவருகைக் காலம் பருவமழையோடு வருவதால் கூழ் எளிதில் உலராது. கனமாகப் பூசினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். மெல்லிய பூச்சாகப் பூசி, அது உலர்ந்த பிறகே அடுத்த பூச்சு. எனவே திருவருகைக் கால முதல் ஞாயிறன்றே தொடங்கிவிடுவது நலம்.

நான்கு பொருள்கள்

மலை: அட்டைப் பெட்டிகளைப் படிப்படியாக அடுக்கி ஒட்டுங்கள். பழுப்புத் தாளை நன்றாகக் கசக்கிப் பிரித்து, பசை தடவிப் பெட்டிகளின் மேல் போர்த்துங்கள். கசங்கல்களே பாறை மடிப்புகளாகிவிடும். காவியும் சுண்ணாம்பும் கரைத்துத் தீட்டினால் போதும்.

சுரூபங்கள்: செய்தித்தாளை முறுக்கி உடலும் கைகளும் அமைத்து நூலால் கட்டி, மேலே கூழ் பூசி உலர்த்துங்கள். தையல் கடையில் விழும் துண்டுத் துணியே ஆடை. முகத்தில் கண், மூக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. குனிந்த தலையும் குவிந்த கைகளும் போதும்.

விண்மீன்: ஐந்து மூங்கில் குச்சிகளால் ஒரு ஐந்துமுனைச் சட்டம்; அதேபோல் இன்னொன்று. இரண்டையும் ஐந்து முனைகளிலும் சேர்த்துக் கட்டி, உள்மூலைகளில் ஐந்து சிறு குச்சிகளை இடைகொடுத்தால் வயிறு உப்பிய விண்மீன் கிடைக்கும். நாள்காட்டித் தாளில் ஊசியால் துளைகள் இட்டுச் சட்டத்தின் மேல் ஒட்டுங்கள். உள்ளே விளக்கிட்டால் ஒவ்வொரு துளையும் ஒரு சிறு விண்மீனாகும்.

சரம்: இரண்டு செ.மீ. அகலமும் பதினைந்து செ.மீ. நீளமும் உள்ள பட்டைகளை வளையமாக ஒன்றுக்குள் ஒன்று கோத்து ஒட்டலாம். ஒட்டும்முன் ஒவ்வொரு பட்டையிலும் அன்று செய்த ஒரு நற்செயலைச் சிறுவர்கள் எழுதலாம். சரத்தின் நீளம் அவர்கள் வாழ்ந்த திருவருகைக் காலத்தின் நீளமாக இருக்கட்டும்.

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது, தீ. தாள் குடிலுக்குள்ளோ அருகிலோ மெழுகுதிரியும் எண்ணெய் விளக்கும் வேண்டாம். சூடேறாத எல்.ஈ.டி. விளக்குகளையே பயன்படுத்துவோம். இணைப்புக் கம்பிகள் தாளின் மேல் படாதிருக்கட்டும். இரவு ஆலயத்தைப் பூட்டும்போது விளக்குகளை அணைத்துவிட வேண்டும்.

இரண்டாவது, மரியாதை. பழைய நாள்காட்டிகளிலும் பங்கு மடல்களிலும் ஆண்டவர், அன்னை, புனிதர்களின் படங்களும் இறைவார்த்தையும் இருக்கும். அவற்றைக் கிழித்துக் கூழாக்குவது பலருடைய மனத்தைப் புண்படுத்தும். படங்களை வெட்டித் தனியே எடுத்து வைப்போம். மந்திரிக்கப்பட்ட பொருள்களை மரியாதையோடு நடத்த வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் (1171). அவை பழுதானால் எரித்துவிடுவதோ மண்ணில் புதைப்பதோ நம் வழக்கம்.

விழா முடிந்தபின்

ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு கிறிஸ்து பிறப்புக் காலம் நிறைவு பெறுகிறது. சுரூபங்களை உலர்ந்த பெட்டியில் வேப்பிலையோடு வைத்தால் அடுத்த ஆண்டும் உதவும். அட்டைகள் பழைய பேப்பர் கடைக்குப் போகலாம். பசை தோய்ந்த தாளை நனைத்துத் தென்னை மரத்தடியில் புதைத்தால் மண்ணோடு மண்ணாகும். மூங்கில் சட்டம் அடுத்த ஆண்டு புதுத் தாளுக்குக் காத்திருக்கும். புகை இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு இருமலும் இல்லை.

ஓர் அன்பியமாகக் கூடி இதைச் செய்து பார்ப்போம். தெர்மாகோலுக்கும் ஜிகினாவுக்கும் ஒதுக்கிய பணம் மிச்சமாகும். அந்தத் தொகையில் புத்தாடை இல்லாத ஒரு குழந்தைக்கு ஆடை எடுக்க முடியும். அவ்வாறு செய்தால், நாம் கட்டிய குடிலில் எளியவராய்ப் பிறந்தவருக்கு உண்மையாகவே இடம் கிடைத்திருக்கிறது என்று மனநிறைவோடு சொல்லலாம்.